அழுகுணி ஆட்டமா இது?

கேள்வி: அக்கா, நான் வேளச்சேரி, வயசு 27. ரெண்டு மாசமா ஞாயித்துக்கிழமைல ஆபீஸ் ஃப்ரெண்டு வீட்ல வார்ஹாமர் அண்டர்வேர்ல்ட்ஸ் ஆடறோம், சின்ன பொம்மை டீமும் கார்டும் வெச்சு ஆடற போர்டு கேம். பொம்மைங்கன்னா எனக்கு உசுரு, என் டீம்ல இருக்கற அஞ்சு பேருக்கும் பெயின்ட் அடிச்சிட்டு இருக்கேன், ஆனா ஆட்டம் முடிஞ்சு வண்டி எடுக்கும்போது மனசே சரியில்ல. போன வாரம் கடைசி ரவுண்டு, என் ஆள் பிடிச்சு வெச்சுக்க வேண்டிய அப்ஜெக்டிவ் கட்டத்து மேல நிக்கறான், அவன் ஒரு கார்டு போட்டு ஒரு கட்டம் தள்ளிட்டான், ஒரு பாயின்ட்ல போச்சு. அந்த கார்டு ஏதுடான்னா, அவன் ஆடவே ஆடாத எலும்புக்கூடு டீம் பெட்டில வந்ததாம். நீயும் ரெண்டு பெட்டி வாங்குடாங்கறான். தோக்கறதாலதான் எனக்கு பிடிக்கலையோ?

பதில்: இல்ல தம்பி. தோக்கறது மட்டும்தான் பிரச்சனைன்னா ரெண்டு மாசம் போயிருக்க மாட்டீங்க. அந்த எலும்புக்கூடு பெட்டி விஷயத்தை நான் மூணு தடவை படிச்சேன், உங்க மனசுல குத்தறது அதுதான்.

இந்த ஆட்டத்துல 3 ரவுண்டு, ரவுண்டுக்கு 4 மூவ், ஆக மொத்தம் ஒருத்தருக்கு 12 மூவ்தான், அதனால ஒரு கட்டம் தள்றதுங்கறது சின்ன விஷயமே இல்ல. எனக்கு அந்த இறுக்கம் ரொம்ப பிடிக்கும். ஆனா பாயின்ட் தர்ற 12 அப்ஜெக்டிவ் கார்டும், ஆட்டத்துக்கு நடுவுல போடற 20 பவர் கார்டும் சனிக்கிழமை ராத்திரியே வீட்ல உக்காந்து பொறுக்கி வெச்சுட்டு வர்றதுதான் இடிக்குது. டொமினியன்ங்கற கார்டு ஆட்டத்துலயும் டெக், அதாவது நம்ம கார்டு கட்டை, நாமளே கட்டறோம், ஆனா எல்லாரும் ஒரே மாதிரி 10 கார்டோட ஆரம்பிச்சு, மேஜை மேல பொதுவா இருக்கறதுல இருந்து கட்டறோம். அண்டர்வேர்ல்ட்ஸ்ல 2017ல வந்தப்பவே எந்த டீமும் போடற மாதிரி பொது கார்டுகளை ஒவ்வொரு டீம் பெட்டிலயும் கலந்து வெச்சாங்க, ஒரு கார்டுக்காக வேண்டாத பொம்மையும் சேர்த்து வாங்க வேண்டியிருந்துச்சு. உங்க ஃப்ரெண்டு ஒரு அலமாரில இருந்து பொறுக்கறாரு, நீங்க ஒரு பெட்டில இருந்து.

நான் வளந்தது வியாசர்பாடில, காரம் போர்டு பக்கத்துலயே. யார் வந்தாலும் 9 காய்தான். வெலை கூடின ஸ்ட்ரைக்கரோட வந்த அண்ணன் ஒருத்தர், கிளப்ல கிடந்த ஸ்ட்ரைக்கர எடுத்து ஆடின பொடியன்கிட்ட தோத்ததை நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். உங்களுக்கு வேண்டியது அந்த மாதிரி ஆட்டம்.

அதுக்காக உங்க ஃப்ரெண்டு மேல தப்பு சொல்ல மாட்டேன். எந்த கார்டு எதோட சேரும்னு யோசிச்சு கட்டறது நிஜமாவே ஒரு திறமை, சில பேருக்கு ஆட்டமே அதுதான்.

பெட்டி இப்போ வாங்காதீங்க. இதே ஆட்டத்துல ரைவல்ஸ்னு ஒரு முறை இருக்கு, 32 கார்டு ரெடியா கட்டின டெக், வேற எதையும் கலக்கக் கூடாது. அவர்கிட்ட இருக்கறதுலயே ரெண்டு எடுத்து ஆளுக்கு ஒண்ணா ஆடுங்க, அடுத்த கேம்ல மாத்திக்கோங்க. நாலு ஞாயிறு இப்படி ஆடிப் பாருங்க. அப்பவும் தோத்தீங்கன்னா அது பழக பழக சரியாகற தோல்வி, அதுக்கு வருத்தம் வராது.

இதை தோத்த கையோட மட்டும் சொல்லாதீங்க, அழுகுணி ஆட்டம்னு எடுத்துப்பாரு. ஆபீஸ்ல டீ குடிக்கும்போது சொல்லுங்க, "எனக்கு உன்கூட ஆடணும்டா, உன் அலமாரிகூட இல்ல"ன்னு நேராவே சொல்லலாம். ஃப்ரெண்டுதானே, புரியும். அவர் ஒத்துக்கலன்னா சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்கே போய் அவர் கார்டுலயே உங்களுக்கும் ஒரு டெக் கட்டித் தரச் சொல்லுங்க, அதுக்கும் மாட்டேன்னா வேற ஆட்டத்துக்கு மாறிடுங்க, ஞாயித்துக்கிழமைய மட்டும் விட்டுடாதீங்க.

அந்த அஞ்சு பேருக்கும் பெயின்ட் அடிச்சு முடிங்க தம்பி, முடிச்சதும் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க.