இலங்கைக்குப் போனவர் பெயர் கல்லில் வரலாமா?

கேள்வி: எங்கள் ஊர் குடியாத்தத்திலிருந்து பலமனேர் போகிற வழியில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. தெருவுக்கு நாலு வீடு பட்டாளத்துக்காரர் வீடு. ஊர்ப்பணத்தில் ஒரு நினைவுக்கல் வைத்து, கூடவே ஒரு நினைவு மலர்ப் புத்தகமும் போடுகிறோம். 1962, 65, 71, கார்கில் பெயர்களில் தகராறு இல்லை. 1987-இல் இலங்கைக்குப் போனவர்களிடம் வந்ததும் கமிட்டி இரண்டாகிவிட்டது. "தமிழனைச் சுட்டவனுக்குக் கல்லா?" என்கிறார்கள் இளைஞர்கள். "ஆர்டர் வந்தது, போனான்" என்கிறார்கள் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துப் பெரியவர்கள். கடைசியில் "பல போர்களில் பணியாற்றிய எம் ஊர் வீரர்கள்" என்று பொதுவாகப் பொறித்துவிடுவதாகச் சமரசம். சரிதானா?

— ஒரு பட்டாளத்துக்காரர் மகள், குடியாத்தம் வட்டம்

பதில்: சரியில்லை. "பல போர்களில்" என்று எழுத கிரானைட் எதற்கு? சுண்ணாம்பு அடித்த சுவரே போதும்.

முதல் உலகப்போருக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் வெள்ளைக்காரர்கள் பதித்த கற்கள் சில இன்னும் இருக்கின்றன. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிரை விட்டார்கள் என்று எண்ணிக்கை மட்டும் சொல்பவை. தன் கொள்ளுத்தாத்தா அந்த எண்ணுக்குள் இருக்கிறாரா என்று இன்று அதன் முன்னால் நிற்பவனுக்குத் தெரியாது. அதற்கும் ஆயிரம் வருடம் முந்தைய செங்கம், தருமபுரி வட்டாரத்து நடுகற்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், எந்த ஊர் மாட்டுக்காக நடந்த பூசலில் பட்டான் என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடும். யார் பக்கம் நியாயம் என்று அவை வாய் திறப்பதில்லை. உங்கள் கல்லுக்கும் அந்த அளவு போதும்: "இந்திய அமைதி காக்கும் படை, இலங்கை, 1987–1990" என்று தலைப்பு; அதன் கீழே பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த இடம், நாள். "தியாகி", "மாவீரர்" எதுவும் வேண்டாம். இந்தப் பட்டியலுக்கு அடைமொழி இல்லையென்றால் 1971 பட்டியலுக்கும் இருக்கக் கூடாது. அங்கே போட்டு இங்கே விட்டால், கல்லே கட்சி சேர்ந்துவிட்டது என்று பொருள்.

உங்கள் இளைஞர்களுக்குக் கொஞ்சம் தேதி சொல்லுங்கள். 1987 ஜூலை 29-இல் கொழும்பில் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாள் பலாலியில் படை இறங்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்து மக்கள் மாலையோடு வந்தார்கள். ஆகஸ்ட் 2-இல் மெரினாவில் ராஜீவ் காந்தியும் எம்.ஜி.ஆரும் ஒரே மேடையில். செப்டம்பர் 26-இல் விடுதலைப் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் 5-இல், பிடித்து வைக்கப்பட்ட புலிகளில் 12 பேர் சயனைடு கடித்து இறந்தார்கள். அக்டோபர் 10-இல் சண்டை. மாலை விழுந்த கழுத்துக்குத் துப்பாக்கி திரும்பப் பத்து வாரம்தான் ஆயிற்று. எதிரே நின்றவர்களில் பலர் 1983-க்குப் பிறகு இந்திய அரசே பயிற்சி கொடுத்து வளர்த்தவர்கள். சேலம் மாவட்டத்துக் கொளத்தூரிலேயே முகாம் இருந்தது. இந்தக் கணக்கையெல்லாம் போட்டது டெல்லி. குடியாத்தத்து லான்ஸ் நாயக்கிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. அந்த நடவடிக்கையில் கொடுக்கப்பட்ட ஒரே பரம் வீர் சக்கரம், 1987 நவம்பர் 25-இல் இறந்த 8 மஹார் படைப்பிரிவின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு. அவரும் தமிழர்தான்.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "ஆர்டர் வந்தது" என்பதோடு பேச்சு முடிந்துவிடாது. 1987 அக்டோபர் 21-இல், தீபாவளியன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியருமாக அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். இரு தரப்புத் துப்பாக்கிச் சூட்டில் சிக்கினார்கள் என்பது ராணுவத்தின் பேச்சு. படுக்கைக்கு அடியிலிருந்து உயிர் தப்பியவர்கள் அப்படிச் சொல்லவில்லை. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையிலும் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். இவற்றை விழுங்கிவிட்டு மலர் போட்டால், உங்கள் ஊர்ப் பேரப்பிள்ளையே செல்போனில் தேடிப் படித்துவிட்டு வந்து மற்ற பக்கங்களையும் நம்ப மாட்டான். கல்லில் பெயர் இருக்கட்டும். நடந்தது முழுவதும் மலரில் வரட்டும். ஒன்றின் வேலையை மற்றதிடம் கொடுத்ததில்தான் உங்கள் கமிட்டி உடைந்திருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். இந்த மாதிரிப் பட்டியல்கள் பெரும்பாலும் கெடுவது கருத்தால் அல்ல, காகிதத்தால்.

வீட்டில் முதலில் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள், பேச்சு அப்புறம். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, பதக்கங்கள், கடிதங்கள், மணியார்டர் துண்டு, இவ்வளவையும் தரையில் பரப்பி, எடுத்த வரிசையிலேயே படம் எடுங்கள். ராணுவ எண்ணைக் குறிக்கும்போது கடைசியில் வரும் ஆங்கில எழுத்தையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். அதை விட்டால் ஆவணக்காப்பகத்தில் தேடுவது இரட்டிப்பு வேலை. பதக்கத்தின் நாடா மேல் "ஸ்ரீலங்கா" என்ற பட்டை இருந்தால் பாதிக் கேள்வி தீர்ந்தது. இல்லையென்றால் கவனம். அதே வருடங்களில் பஞ்சாபுக்கும் சியாச்சினுக்கும் ஆள் போய்க்கொண்டிருந்தது. முப்பத்தைந்து வருடம் கழித்து மனைவிக்கும் பிள்ளைக்கும் எல்லாம் ஒரே "பார்டர்"தான். சென்னையில் டிரான்சிட் முகாமில் கப்பலுக்குக் காத்திருந்து திரும்பியவரும் "இலங்கைக்குப் போனேன்" என்பார். பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தேதியை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடிதங்களில் ஊர்ப்பெயர் இருக்காது. முகவரி "56 ஏபிஓ" என்று ராணுவ அஞ்சலகமாகத்தான் இருக்கும். ஆகவே உறையைக் கழற்றி எறியாதீர்கள். முத்திரையில் இருக்கும் கள அஞ்சலக எண்ணும் தேதியும் உள்ளே இருக்கும் "நான் நலம், நீங்கள் நலமா"வை விட அதிகம் பேசும். வாய்ப்பேச்சில் தேதி கேட்டால் யாருக்கும் வராது. "எம்.ஜி.ஆர். செத்தப்போ எங்கே இருந்தீங்க?" என்று கேளுங்கள், 1987 டிசம்பர் 24 தானாக வரும். "கலைஞர் திரும்ப ஜெயிச்சப்போ?" என்றால் 1989 ஜனவரி. "கடைசிக் கப்பலா?" என்றால் திரிகோணமலை, 1990 மார்ச் 24.

ஆவணம் கேட்டு எழுதுவதில் நம் பக்கம் வழக்கமாக நடக்கும் தப்பு, எல்லாக் கடிதமும் வெலிங்டனுக்குப் போவது. மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆட்களுக்கு மட்டும்தான் வெலிங்டன். சாப்பர்ஸ் (பொறியாளர் படை) என்றால் பெங்களூரு, பீரங்கிப்படை நாசிக், சிக்னல்ஸ் ஜபல்பூர், இ.எம்.இ. (கருவி, வண்டி பழுதுபார்க்கும் படை) செகந்திராபாத், மருத்துவப்படை லக்னோ. இறந்தவரின் மனைவியோ பிள்ளையோ கையெழுத்திட்டு எழுத வேண்டும். கமிட்டி லெட்டர்ஹெட்டுக்கு மரியாதை குறைவு. முடிந்தால் வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்புங்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் குடும்பம் என்றால் சித்தூரில் இருக்கும் சைனிக் நல அலுவலகம். பழைய காகிதத்தில் மாவட்டம் "வட ஆற்காடு" என்று இருக்கும். 1989-இல் அது பிரிந்து, பெயர் மாறி, 2019-இல் மறுபடியும் மூன்றானது. இன்றைய மாவட்டப் பெயரை வைத்துத் தேடினால் உங்கள் ஊரே இல்லை என்பார்கள். பெயரும் அப்படித்தான். சுப்பிரமணியனை வடநாட்டுக் குமாஸ்தா "சுப்ரமணி" என்று எழுதியிருப்பார். இனிஷியல் அப்பா பெயராக விரிந்தோ, காணாமலோ போயிருக்கும். டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் பெயர் தேடும்போதும் நாலு எழுத்துக்கூட்டில் தேடுங்கள்.

யாரைச் சேர்ப்பது என்பதில் இன்னொரு வம்பு வரும். குண்டடியில் செத்தவர் மட்டும்தானா? மலேரியாவில் போனவர், லாரி கவிழ்ந்து போனவர்? அங்கே பணியில் இருக்கும்போது இறந்த எல்லோரும் கல்லில் வர வேண்டும். எப்படி இறந்தார் என்பதில் படிநிலை வைத்தால் வீட்டுக்கு வீடு மனக்கசப்பு. காலை இழந்து திரும்பியவர்கள் எந்தப் பட்டியலிலும் அகப்படாமல் போகிறவர்கள். புலிகளின் ஜானி மிதிவெடி மரப்பெட்டியில் செய்தது, உலோகம் மிகக் குறைவு. கண்டுபிடிக்கும் கருவி கத்தாது, பாதத்தோடு போகும். அவர்களுக்கு மலரில் தனிப் பகுதி ஒதுக்குங்கள்.

அதே மலரில் ஊரின் பங்கையும் எழுதுங்கள். இங்கேதான் பலரும் ஒதுங்கிக்கொள்வார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது, தமிழரைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்று முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. அது பதிவான செய்தி. அன்று நம் ஊர்த் தெரு என்ன செய்தது என்பதுதான் பதிவாகவில்லை. "அப்போ என்ன நினைச்சீங்க?" என்று கேட்டால் பயன் இல்லை. நடுவில் 1991 மே 21 வந்தது, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் செத்ததும் ஒரே இரவில் பேச்சு புரண்டது. 2009-இல் முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு மறுபடி புரண்டது. இன்று உங்களுக்குக் கிடைக்கும் பதில் இந்த மூன்றும் கலந்தது. கைக்கு அகப்படுகிற கேள்வியாகக் கேளுங்கள். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கினவர் யூனிஃபார்மோடு பஸ் ஏறினாரா, மாற்றிக்கொண்டா? ராத்திரி எந்த ரேடியோ கேட்டீர்கள், பிபிசி தமிழோசையா, வெரித்தாஸா, ஆகாசவாணியா? எந்தச் சுவரில் என்ன போஸ்டர்? கல்யாணப் பேச்சு ஏதாவது நின்றதா? தந்தியை யார் படித்துச் சொன்னார்? உடல் வந்ததா, பெட்டி மட்டும் வந்ததா? கார்கிலில் சவப்பெட்டிகள் மரியாதையோடு ஊர் ஊராக வந்ததைப் பார்த்தவர்கள், 1987-உம் அப்படித்தான் இருந்தது என்று தங்களை அறியாமல் சொல்லிவிடுவார்கள். அதைத் திருத்துவதும் உங்கள் வேலை.

மனைவியைத் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள், கூடுமானால் பெண் ஒருத்தி பேசட்டும். கணவர் பக்கத்தில் இருந்தால் "அவரைக் கேளுங்க" என்பதோடு சரி. சிப்பாயிடம் பேசும்போது, தமிழ் தெரிந்ததால் என்ன வேலை கொடுத்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். கூர்க்கா, சீக்கியர், மராட்டியர் பட்டாலியன்கள் நிறைந்த படையில் சமையல்காரரோ குமாஸ்தாவோ, தமிழ் பேசினால் சோதனைச் சாவடியில் மொழிபெயர்க்க நிறுத்திவிடுவார்கள். அங்கே நின்று கேட்டதை வீட்டிலும் சொல்லாதவர்கள் உண்டு. சொல்ல மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். மறுத்தார் என்பதை எழுதவும் வேண்டாம்.

பலமனேர், சித்தூர்ப் பக்கத்து உறவுக்காரர்களையும் விட்டுவிடாதீர்கள். ஒரே கப்பலில் திரும்பிய இரண்டு பேரில் அந்தப் பக்கத்துக்காரர் சும்மா லீவில் வந்த மாதிரி வீட்டுக்குப் போனாரா, இந்தப் பக்கத்துக்காரர் மட்டும் டீக்கடையில் பதில் சொல்ல வேண்டியிருந்ததா? இந்த ஒப்பீடு எல்லையில் இருக்கும் உங்களுக்குக் கைகூடும். சென்னைக்காரனுக்குக் கிடைக்காது.

கல்லைப் பற்றிச் சுருக்கமாக. கறுப்பு கிரானைட், இரண்டு அங்குலக் கனம். எழுத்து ஒரு அங்குல உயரத்துக்குக் குறைந்தால் தமிழில் புள்ளியும் சுழியும் அடைத்துக்கொள்ளும். பெயின்ட் பூசி எழுதுவது நாலு மழைக்குத் தாங்காது. வெட்டி எழுதச் சொல்லுங்கள். தெலுங்கு வீடுகள் இருக்கும் ஊர் என்றால் தெலுங்கிலும் வரட்டும். வெட்டுவதற்கு முன் முழு அளவில் தாளில் அச்செடுத்து ஒவ்வொரு வீட்டிலும் கையெழுத்து வாங்குங்கள். ஒரு "ன"கரம் "ண"கரமானால் பிறகு கல்லையே மாற்ற வேண்டும். கீழே ஐந்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். திறந்த மறுவாரமே விட்டுப்போன பெயர் ஒன்று வந்து நிற்கும். உயிரோடு இருப்பவர் பெயரை அவர் சம்மதம் இல்லாமல் சேர்க்கக் கூடாது. இலங்கைப் பட்டியலில் வேண்டாம் என்பவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கலாம்.

திறப்பாளர் பெயரை எங்கே போடுவது என்று அடுத்த சண்டை வரும். பின்பக்கச் சுவரில் தனியாக ஒரு சின்னப் பலகை வைத்துக்கொள்ளட்டும்.