சாக்பீஸ் தூள் கிடக்கட்டும், இரவு இருமல் எப்போதிருந்து?

கேள்வி: இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் பள்ளி நாட்களில் ஓயாமல் தும்முகிறான், இருமுகிறான். விடுமுறையில் குறைந்துவிடுகிறது. காரணம் சாக்பீஸ் தூளா? வகுப்புச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. அது மூளையைப் பாதிக்கும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. தூக்கத்திலும் இருமுவதால் தினமும் அலர்ஜி சிரப் கொடுக்கிறேன். பள்ளியை மாற்றிவிடலாமா?

பதில்: தூக்கத்தில் இருமுகிறான் என்பதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம். இருமி இருமிக் குழந்தை விழித்துக்கொள்கிறானா? ஓடினால், விழுந்து விழுந்து சிரித்தால் இருமல் வருகிறதா? விளையாட்டிலிருந்து பாதியில் வந்து உட்கார்ந்துவிடுகிறானா? ஆம் என்றால் ஆஸ்துமாவா என்று பார்த்தே ஆக வேண்டும். அந்த வார்த்தையை எழுதக்கூட நீங்கள் தயங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆஸ்துமா என்றாலும் பெரும்பாலான பிள்ளைகள் மருந்தோடு நன்றாக ஓடியாடுகிறார்கள்.

அந்த சிரப் தும்மலையும் மூக்கு அரிப்பையும் குறைக்கும். சுருங்கிய மூச்சுக்குழாயை அது விரிக்காது. சில சிரப்புகள் பிள்ளையை வகுப்பில் தூங்கிவழியவும் வைக்கும். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பேசும்போது ஒரு முழு வாக்கியத்தைச் சொல்ல மூச்சுப் போதவில்லை, மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே குழிகிறது, உதடு நீலம் பாய்கிறது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.

சாக்பீஸ் தூள் தொண்டையைக் கரகரக்கச் செய்யும். தூசி பறக்காத சாக்பீஸ் சிலவற்றில் கேசின் என்ற பால்புரதம் சேர்ப்பதுண்டு. பால் அலர்ஜி உள்ள பிள்ளைகள் மட்டும் கவனிக்க வேண்டும். சுவர்ப் பூஞ்சை மூளையைத் தின்னாது. ஆனால் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். பூஞ்சையைத் துடைத்துவிட்டு மேலே பெயின்ட் அடித்தால் திரும்ப வரும். ஈரம் எங்கிருந்து கசிகிறது என்று பார்த்து அதை அடைக்கச் சொல்லுங்கள்.

வகுப்பில் நான் முதலில் பார்ப்பது கதைநேர மூலையைத்தான். அங்கிருக்கும் கம்பளம், மெத்தை, பஞ்சு பொம்மைகள் எல்லாம் தூசிப்பூச்சிகளின் வீடு. ஒரு பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அலர்ஜி தருவது பெரும்பாலும் அதன் எச்சம். துவைக்க முடியாததை அகற்றச் சொல்லுங்கள். பிள்ளைகள் இருக்கும்போது துடைப்பத்தால் பெருக்காமல், அவர்கள் போனபின் ஈரத்துணியால் துடைக்கட்டும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைக்கட்டும். அப்புறம், வாசனை ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம்.

பள்ளியை மாற்றும் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். பூனை வளர்க்கும் வீட்டுப் பிள்ளையின் சட்டையிலேயே அதன் அலர்ஜிப் பொருள் எந்தப் பள்ளிக்கும் வந்துவிடும். இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அந்த சிரப் பாட்டிலையும் எடுத்துப் போய், எத்தனை நாளாகக் கொடுக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.