ஏழாவது செஷனுக்கு மெடிகேர் ஏன் பணம் தரவில்லை?

கேள்வி: சிட்னி வெஸ்ட்மீடில் இருக்கிறோம், பி.ஆர். உள்ளவர்கள். குழந்தை பிறந்த பிறகு மனைவிக்குத் தூக்கமில்லை, காரணம் சொல்லத் தெரியாத அழுகை. குடும்ப டாக்டர் மனநல சிகிச்சைத் திட்டம் போட்டுக் கொடுத்தார். சைக்காலஜிஸ்ட்டிடம் ஆறு முறை போனோம், ஆறு முறையும் மெடிகேரிலிருந்து (அரசு மருத்துவக் காப்பீடு) ரிபேட், அதாவது கட்டணத்தில் ஒரு பகுதி, திரும்ப வந்தது. ஏழாவது முறை 240 டாலர் கட்டினோம்; மெடிகேர் ஒரு சென்ட்கூடத் தரவில்லை. வருடத்துக்குப் பத்து செஷன் என்றார்களே? புதிதாகத் திட்டம் போட வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறது ஒரு கிளினிக். தெரிந்த கவுன்சிலர் 90 டாலருக்கே பார்ப்பார் என்கிறார் நண்பர். என்ன செய்வது?

பதில்: பத்து என்பது சரிதான். ஆனால் அந்தப் பத்தையும் டாக்டரின் ஒரே பரிந்துரைக் கடிதத்தில் தர மாட்டார்கள். முதல் கடிதத்துக்கு அதிகபட்சம் ஆறு. அது முடிந்ததும் மறுபடி டாக்டரைப் பார்த்து, "இன்னும் தேவைப்படுகிறது" என்று அவர் முடிவு செய்து இரண்டாவது கடிதம் தந்தால்தான் மீதி நான்கு. முதல் கடிதத்தில் டாக்டர் கைதவறி 10 என்றே எழுதியிருந்தாலும் ஆறோடு நின்றுவிடும். ஆறு முடிந்ததும் மறுபடி டாக்டரைப் பார்க்கும் இந்த ஏற்பாடு 2006 நவம்பரில் வந்தது. இரண்டு வரியில் சொல்லிவிடக்கூடிய இந்த விதியை கவுண்டரில் இருப்பவர்கள் இன்றுவரை முன்கூட்டிச் சொல்வதில்லை. பணம் வராதபோதுதான் நோயாளிக்கே தெரிகிறது.

திட்டம் வேறு, பரிந்துரைக் கடிதம் வேறு. திட்டம் ரேஷன் அட்டை மாதிரி, கடிதம் டோக்கன் மாதிரி. உங்கள் மனைவிக்குத் தீர்ந்தது டோக்கன்தான். அட்டை அப்படியே செல்லுபடியில் இருக்கிறது. ஆகவே அந்த கிளினிக் சொல்வதுபோலப் புதிய திட்டம் வேண்டியதில்லை. இப்போது வேண்டியது மறுபரிசீலனை. 2025 நவம்பர் 1 முதல் அதற்கென்று தனி மெடிகேர் பில்லிங் எண்கூடக் கிடையாது, சாதாரண கன்சல்டேஷனிலேயே முடித்துவிடலாம். நேரம் வாங்கும்போது "நீண்ட அப்பாயின்ட்மென்ட், மனநலத் திட்ட மறுபரிசீலனை" என்று சொல்லி வாங்குங்கள். பல்க் பில்லிங் (டாக்டர் மெடிகேரிடமே பணம் வாங்கிக்கொள்வது, உங்களுக்குச் செலவில்லை) உண்டா என்றும் அப்போதே கேளுங்கள்.

டாக்டரிடம் போகும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். ஆறு செஷன் முடிந்ததும் சைக்காலஜிஸ்ட் டாக்டருக்கு எழுத்தில் அறிக்கை அனுப்பியாக வேண்டும். பாதி இடங்களில் காரியம் நிற்பது இங்கேதான். அறிக்கை வந்து சேராது, டாக்டர் கடிதம் எழுதத் தயங்குவார், நீங்கள் இன்னொரு முறை அலைவீர்கள். இன்றே சைக்காலஜிஸ்ட் அலுவலகத்துக்கு போன் போட்டு "அறிக்கை போய்விட்டதா, எந்தத் தேதியில்?" என்று கேளுங்கள். இரண்டாவது கடிதத்தைக் கையில் வாங்கியதும், தேதி, டாக்டர் கையெழுத்து, எத்தனை செஷன் என்ற எண் மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

கட்டிய 240 டாலர்? ஏழாவது செஷன் நடந்த நாளுக்கு முன்பே டாக்டர் மறுபரிசீலனை செய்து கடிதம் எழுதி, அது சைக்காலஜிஸ்ட்டிடம் போய்ச் சேராமல் இருந்திருந்தால், திரும்ப க்ளெய்ம் செய்யலாம். இல்லையென்றால் அந்தப் பணம் போனதுதான். முன்தேதியிட்டுக் கடிதம் கேட்காதீர்கள். நல்ல டாக்டர் தரமாட்டார், தருகிறவரிடம் போகாதீர்கள்.

அந்தக் கிளினிக் விஷயத்துக்கு வருகிறேன். தெரியாத டாக்டர் ஒருவர் போனில் பத்து நிமிடம் பேசித் திட்டம் எழுதித் தரும் வியாபாரம் இங்கே பெரிதாக நடந்தது. 2025 நவம்பர் முதல் அதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறார்கள். நீங்கள் மைமெடிகேரில் (உங்கள் வழக்கமான கிளினிக்கைப் பதிவு செய்யும் அரசு ஏற்பாடு) பதிவு செய்துள்ள கிளினிக்கோ, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரோதான் திட்டமும் பரிந்துரையும் தர வேண்டும். வழக்கமான டாக்டர் என்றால் கடந்த 12 மாதத்தில் உங்களைப் பெரும்பாலும் பார்த்தவர், அல்லது வரும் 12 மாதம் பார்க்கப் போகிறவர். எனவே முதல் திட்டம் எழுதிய அதே டாக்டரிடமே போங்கள்.

அடுத்து 90 டாலர். இதில் கணக்குப் போடாமல் முடிவெடுக்காதீர்கள். 2025 ஜூலையில் வந்த கணக்குப்படி, 50 நிமிடத்துக்கு மேற்பட்ட செஷனுக்கு கிளினிகல் சைக்காலஜிஸ்ட் (கூடுதல் சிறப்புத் தகுதி பெற்றவர்) என்றால் சுமார் 145 டாலர் திரும்பி வரும். மற்ற பதிவு பெற்ற சைக்காலஜிஸ்ட் என்றால் சுமார் 99. இத்திட்டத்தில் உள்ள சமூகப் பணியாளர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்றால் சுமார் 87. பழைய ஆறு ரசீதுகளை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் 145 வந்திருந்தால் உங்கள் கைக்காசு 95 டாலர்தான். கவுன்சிலரைவிட ஐந்து டாலர் அதிகம், அவ்வளவே. 99 வந்திருந்தால் 141 டாலர் போகிறது. அப்போது 90 மலிவுதான், மறுக்கவில்லை.

ஆனால் ஆஸ்திரேலியாவில் யார் வேண்டுமானாலும் கவுன்சிலர் என்று பலகை மாட்டிக்கொள்ளலாம், சட்டம் தடுக்காது. சைக்காலஜிஸ்ட் என்ற பெயரை அப்படிப் போட்டுக்கொள்ள முடியாது. ஏப்ரா (மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் அமைப்பு) இணையதளத்தில் பெயரைத் தட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பொதுப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். தற்காலிகப் பதிவு என்றிருந்தால் அவர் பயிற்சியில் இருப்பவர், மெடிகேர் பணம் வராது. நல்ல கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் மகப்பேறுக்குப் பின் வரும் மனச்சோர்வை யாரோ சொன்னார் என்று யாரிடமோ காட்டக் கூடாது. நம் ஆட்களிடையே இந்த 'தெரிந்தவர்' பரிந்துரை செய்யும் கெடுதல் கொஞ்சமல்ல. "சைக்காலஜிஸ்ட் ஒருவர் பெயரில் பில் போட்டுத் தருகிறேன், மெடிகேரும் வரும்" என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது மோசடி, உங்கள் மனைவியின் பத்து செஷனில் ஒன்று வீணாகவும் போகும். பத்து செஷனுக்கு மொத்தமாக முன்பணம் கட்டும் 'பேக்கேஜ்' வேண்டவே வேண்டாம். நடந்து முடிந்த செஷனுக்குத்தான் மெடிகேர் தரும். நீங்கள் போகாமல் விட்ட செஷனுக்கு அவர்கள் வாங்கும் அபராதத்துக்கும் ரிபேட் கிடையாது, ஆனால் அது பத்தில் கழியாது.

பிரைவேட் இன்சூரன்ஸ் இருந்தாலும் ஒரே செஷனுக்கு இரண்டு பக்கமும் க்ளெய்ம் செய்ய முடியாது. பத்தும் தீர்ந்த பிறகு அதைப் பயன்படுத்துங்கள்.

எல்லோரும் குழம்புவது ஜனவரியில். பத்து என்ற கணக்கு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. கடிதத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது, அதிலுள்ள எண்ணிக்கை தீரும்வரை அது செல்லும். இரண்டாவது கடிதத்தில் நான்கு இருக்கிறது, டிசம்பருக்குள் இரண்டுதான் போக முடிந்தது என்று வையுங்கள். மீதி இரண்டை ஜனவரியில் அதே கடிதத்தில் போகலாம். புதுக் கடிதம், புதுத் திட்டம் எதுவும் வேண்டாம். ஆனால் அந்த இரண்டும் புது வருடத்தின் பத்தில் கழியும், ஆக மிச்சம் எட்டு. அந்த எட்டுக்கு மறுபடி டாக்டர் கடிதம், அதிலும் ஒரு கடிதத்துக்கு ஆறுக்கு மேல் இல்லை. பழைய வருடத்தில் போகாத செஷன்கள் சேர்ந்து பன்னிரண்டாகாது. வேறொரு சைக்காலஜிஸ்ட்டிடம் போயிருந்தாலும் அதே பத்துதான். எத்தனை போயிருக்கிறது என்று மெடிகேர் எண் 132 011-இல் கேட்கலாம், மைகவ் (அரசின் இணையச் சேவை) கணக்கிலும் க்ளெய்ம் வரலாறு இருக்கும்.

மனைவி இல்லாமல் நீங்கள் மட்டும் ஒரு செஷனில் உட்கார வேண்டும் என்று சைக்காலஜிஸ்ட் சொன்னால், மனைவி சம்மதித்தால், வருடத்துக்கு இரண்டு வரை உண்டு. அதுவும் பத்துக்குள்தான். தம்பதிச் சண்டைக்கு ஆலோசனை இந்தத் திட்டத்தில் வராது.

மனைவிக்கு ஆங்கிலத்தில் மனசு விட்டுப் பேச வரவில்லையென்றால், டாக்டர் அறையில் நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள். கணவர் முன்னால் சொல்ல முடியாத விஷயம் அங்கே சொல்லப்படாமலே போகும். டிஸ் நேஷனல் (அரசின் மொழிபெயர்ப்புச் சேவை) 131 450 மூலம் டாக்டர் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகப் போனில் கூப்பிடலாம். நேரம் வாங்கும்போதே கேளுங்கள். கேட்காவிட்டால் அவர்களாகக் கூப்பிடுவது அரிது.

கடிதம் கைக்கு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். மெடிகேர் மென்டல் ஹெல்த் எண் 1800 595 212-இல் பரிந்துரை இல்லாமலே பேசலாம். அருகிலுள்ள அவர்களது மையத்தில் சேவை இலவசம். பிரசவத்துக்குப் பிந்தைய மனநலத்துக்கென்றே பாண்டா அமைப்பு இருக்கிறது, எண் 1300 726 306. தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றுகிறது என்று மனைவி ஒரு வார்த்தை சொன்னாலும் மேலே சொன்ன கணக்கெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும், உடனே 000-க்கு அடியுங்கள்.