தரிசு நிலத்தில தலைநகர்: சிவிலைசேஷன் 6 கேள்வி பதில்

சிவிலைசேஷன் 6 எண்டது நகரம் வைச்சு நாட்டை வளர்க்கிற கணினி விளையாட்டு. மோசமான மேப்பில ஆட்டம் தொடங்கிறவைக்கான பதில்கள் இது, கேட்டவையை ஊர்ப் பேரால போட்டிருக்கு. எண்கள் எல்லாம் ஸ்டாண்டர்ட் வேகத்துக்கு.

கொட்டாஞ்சேனை: அண்ணா, முதல் டேர்னில (சுற்றில) ஒரு பக்கம் டண்ட்ரா (உறைபனி நிலம்), மற்றப் பக்கம் கடல். ரீஸ்டார்ட் பண்ணவா?

பண்ணாதேங்கோ தம்பி. வெறும் டண்ட்ரா டைலில (மேப்பின்ர ஒரு கட்டத்தில) 1 உணவு மட்டும்தான், உண்மை. ஆனா ‘டான்ஸ் ஒஃப் த அரோரா’ பாந்தியன் (மதத்துக்கு முன்னால எடுக்கிற ஆரம்ப நம்பிக்கை) எடுத்தா, சுத்தி 6 டண்ட்ரா இருக்கிற ஹோலி சைட் (வழிபாட்டு வட்டாரம்) டேர்னுக்கு 6 ஃபெயித் (பக்திப் புள்ளி) தரும். பிறகு மதம் நிறுவி ‘வேர்க் எதிக்’ நம்பிக்கையை எடுத்தா அதே 6 உற்பத்தியாவும் வரும். பாந்தியனுக்கு 25 ஃபெயித் வேணும். ‘கோட் ஒஃப் லோஸ்’ ஆய்வு முடிஞ்ச கையோட ‘கோட் கிங்’ கொள்கையைப் போடுங்கோ, டேர்னுக்கு 1 ஃபெயித் வரும். ஒரு பாந்தியனை ஒருத்தர்தான் எடுக்கலாம், பிந்தினா போச்சு. பார்பேரியன் (எந்த நாட்டையும் சேராத கொள்ளையர்) அனுப்பிற ஸ்கவுட்டிலயும் (வேவுக்காரனிலயும்) ஒரு கண் இருக்கட்டும்.

வெள்ளவத்தை: பாலைவனம். ஆறு 2 டைல் தள்ளி. இருந்த இடத்திலயே நகரம் வைக்கலாமா?

ஆத்துக்குப் போங்கோ. நன்னீரும் கடற்கரையும் இல்லாத நகரத்துக்கு ஹவுசிங் (சனம் வசிக்கிற இடவசதி) 2, தலைநகர் மாளிகையால 1 கூடி 3. ஆத்தங்கரையில 5, மாளிகையோட 6. ஹவுசிங்குக்கு 1 குறைவா சனத்தொகை வந்தவுடன வளர்ச்சி பாதியாகும், சமமானா கால்வாசி. அதாவது தண்ணி இல்லாத தலைநகர் 2 பேரோடயே இழுபடத் தொடங்கும். ஆத்தங்கரை 5 பேர் வரைக்கும் தடையில்லாமல் வளரும். செட்லர் (புது நகரம் வைக்கிற குடியேறி) செய்யிறதுக்குச் சனத்தொகை 2 வேணும், செய்தவுடன 1 குறையும். வளராத நகரம் செட்லரையும் தராது. பாலைவன ஆத்துச் சமவெளி 3 உணவு தரும், அதை முதல்ல வேலைக்கு எடுங்கோ. பெட்ரா எண்ட உலக அதிசயத்தைக் கட்டக் குன்றில்லாத ஒரு பாலைவன டைலை இப்பவே ஒதுக்கி வையுங்கோ.

ஆனா எதுக்காகவும் செட்லரை 2 டேர்னுக்கு மேல நடத்தாதேங்கோ.

தெஹிவளை: அதை நான் ஏற்கமாட்டன் அண்ணா. சமவெளிக் குன்றில நகரம் வைச்சா மையத்தில 2 உற்பத்தி, மற்ற இடத்தில 1. மாளிகை 2, வேலை செய்யிற டைல் 2 எண்டு வைச்சா 6க்கு 5. முதல் ரெண்டு செட்லருக்கு 80, 110, மொத்தம் 190. குன்றில 32 டேர்ன், மற்றதில 38. 3 டேர்ன் நடந்தாலும் 3 மிச்சம்!

கணக்குச் சரி தங்கச்சி. ‘2 டேர்ன்’ எண்டு நான் இறுக்கிச் சொன்னது பிழைதான். ஆனா சனத்தொகை ஏறினா மொத்த உற்பத்தியும் ஏறும். அப்ப அந்த 1இன்ர பங்கு குறையும், உங்கட 3 டேர்ன் லாபமும் சுருங்கும். நடக்கிற 3 டேர்னும் மாளிகையின்ர 2 விஞ்ஞானம், 1 கலாசாரம் இல்லை.

தெஹிவளை: குன்று ஆத்தங்கரையிலயே இருந்தா?

அப்ப 3 டேர்னும் நடவுங்கோ. ஒரே நிபந்தனை: அந்தக் குன்று இப்பவே கண்ணுக்குத் தெரியவேணும். முதல் டேர்னில வாரியரை அனுப்பிப் பாருங்கோ, பிறகு செட்லரை அசையுங்கோ. ‘அங்கால நல்ல இடம் இருக்கும்’ எண்டு இருட்டுக்குள்ள நடக்கிறதைத்தான் நான் எதிர்க்கிறன். டெய்ட்டியில (ஆகக் கடினமான நிலையில) எதிராளிகள் 3 செட்லரோட தொடங்குகினம். நல்ல இடமெல்லாம் கெதியாப் போயிடும்.

வத்தளை: சின்னத் தீவு. ரீஸ்டார்ட்?

வேண்டாம். கரையில நகரம் வைச்சாலே செய்லிங் தொழில்நுட்பத்துக்கு யுரேக்கா (ஆராய்ச்சியில ஒரு பகுதி இலவசம்) கிடைக்கும், ஆனா செய்லிங்கோட பில்டர் (நிலத்தை மேம்படுத்திற வேலையாள்) மட்டும்தான் கடலில இறங்கும். செட்லர் இறங்கிறதுக்கு ஷிப்பில்டிங் வேணும். 2 கேலிக் கப்பல் வைச்சிருந்தா அதுக்கும் யுரேக்கா.

பம்பலப்பிட்டி: கடைசிக் கட்டத்தில லாப்டொப் சூடாகி நிக்குது.

அது என்ர துறை இல்லை. பக்கத்திலதானே யூனிட்டி பிளாசா, அங்க காட்டுங்கோ.

மட்டக்குளி: சுத்திக் காடு. ரீஸ்டார்ட் பண்ணவா?

மூண்டாவது தரம் கேக்கிறியள். காடு உற்பத்தி தரும். வேண்டாம்.

கிராண்ட்பாஸ்: 15ஆம் டேர்னில பார்பேரியன் குதிரைப்படை வந்து எல்லாம் போச்சு.

ஸ்கவுட்டை விட்டிட்டியள். உங்கட நகரத்தைக் கண்ட ஸ்கவுட்டின்ர தலைக்கு மேல ஆச்சரியக்குறி வரும். அது முகாமுக்குத் திரும்பினாத்தான் படை வரும். திரும்பிற வழியை வாரியரால மறியுங்கோ, ஸ்லிங்கரால (கவண் வீரரால) அடியுங்கோ. கொல்லுற அடி ஸ்லிங்கருடையதா இருந்தா ஆர்ச்சரிக்கு யுரேக்காவும் சேரும். ‘டிசிப்ளின்’ கொள்கை பார்பேரியனுக்கு எதிரா 5 பலம் கூட்டும். முகாமை அழிச்ச பிறகு கழட்டுங்கோ.