மகளைத் தத்துவ மாநாட்டுக்கு அனுப்பலாமா?

வணக்கம் அம்மா. எம்.ஏ. தத்துவம் முதல் ஆண்டு படிக்கிற உங்கள் மகள், பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடக்கிற இரண்டு நாள் மாநாட்டில் பேப்பர் வாசிக்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், பதிவுக் கட்டணம், ரயில், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் 4,000 ரூபாய் தாண்டுகிறது, இதனால் ஒரு வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். இதனால் நேராக வேலை கிடைக்காது. ஆனாலும் அனுப்புங்கள்.

அங்கே கொடுக்கிற சான்றிதழுக்காகச் சொல்லவில்லை. வகுப்பில் அவள் பாதி சொன்னால் மீதியை ஆசிரியரே புரிந்துகொள்வார், அவளைத் தெரிந்தவர் அல்லவா? மாநாட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவள் யார் என்றே தெரியாது. அவள் வாயிலிருந்து வந்தது மட்டும்தான் அவர்களுக்குக் கணக்கு.

நான் உட்கார்ந்திருந்த ஒரு அமர்வைச் சொல்கிறேன். ஒரு மாணவி, திருக்குறளின் அறமும் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட் சொல்கிற கடமையும் ஒன்றுதான் என்று கட்டுரை எழுதி வந்திருந்தாள். 15 நிமிடம் கொடுத்திருந்தார்கள், கையில் 11 பக்கம். தலையை நிமிர்த்தாமல் வேகவேகமாக வாசித்தாள், 6-ஆம் பக்கத்தில் இருக்கும்போதே அமர்வுத் தலைவர் "2 நிமிடம்" என்று எழுதிய துண்டுச் சீட்டை நகர்த்தி வைத்துவிட்டார். முடிவுரைக்குத் தாவி எப்படியோ முடித்தாள். அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு வயதான பேராசிரியர் எழுந்து, "292-ஆம் குறளை என்னம்மா செய்வாய்?" என்றார். "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்." குற்றமில்லாத நன்மை வருமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்கிறார் வள்ளுவர். காண்டோ, கொலைகாரன் ஒருவன் கதவைத் தட்டி உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797-இல் எழுதியவர். இரண்டும் ஒன்று என்றால் இந்த இடத்தில் இடிக்கிறதே? அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதை நான் பார்க்கத் தவறிவிட்டேன் சார், பலனைப் பார்க்கிற குறள்களைத் தனியாக எடுத்துப் படிக்க வேண்டும்" என்றாள். தேநீர் இடைவேளையில் அவரே அவளைத் தேடி வந்து, நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் படிக்க வேண்டிய இரண்டு நூல்களை எழுதிக் கொடுத்தார். ஊருக்குப் போய் அவள் தன் ஆய்வேட்டின் இரண்டாம் இயலை முழுக்கத் திருப்பி எழுதினாள். வகுப்பறையில் ஒரு வருடம் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வி அவளிடம் வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். 2024 ஜூன் முதல் யுஜிசி நெட் என்கிற, கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி. சேரலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். அந்தத் தேர்வில் ஜேஆர்எஃப் என்கிற ஆய்வு உதவித்தொகை கிடைக்காமல் அடுத்த இரண்டு பிரிவுகளில் தேறியவர்களுக்கு, சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்முகத் தேர்வுக்கு 30 சதவீதம். அந்த 30-இல் கேட்பது, பின்வரிசைப் பேராசிரியர் கேட்டாரே, அந்த மாதிரிக் கேள்விதான். ஜேஆர்எஃப் வாங்கிவிட்டால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, அவள் செலவை அவளே பார்த்துக்கொள்வாள்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். தமிழ்நாட்டில் தத்துவத் துறை உள்ள இடங்கள் சென்னைப் பல்கலைக்கழகம், சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரி என்று ஒரு சிறு வட்டம். உதவிப் பேராசிரியர் பணியிடம் அடிக்கடி வராது. அதனால் வேறொரு வழியையும் இப்போதே திறந்து வைக்கச் சொல்லுங்கள். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தத்துவம் விருப்பப் பாடமாக இருக்கிறது, இரண்டு தாளும் சேர்த்து 500 மதிப்பெண். அறவியல் தாள் தனியாக 250. குடியரசுத் தலைவராக இருந்த தத்துவப் பேராசிரியர் ராதாகிருஷ்ணன்கூட உறவுக்காரப் பையன் கொடுத்த பழைய பாடப் புத்தகங்கள் கையில் இருந்ததால்தான் தத்துவம் எடுத்தார் என்று சொல்வார்கள். அது வேறு காலம், அதைக் காட்டி உங்களுக்கு ஆறுதல் சொல்லப் போவதில்லை.

எல்லா மாநாட்டுக்கும் அனுப்பாதீர்கள். கட்டுரைச் சுருக்கம் அனுப்பிய மறுநாளே "ஏற்கப்பட்டது, பணம் கட்டுங்கள்" என்று பதில் வந்தால், பொறியியலும் யோகாவும் தத்துவமும் ஒரே மேடையில் என்றால், புத்தகத்தில் அச்சிடத் தனிக் கட்டணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நடத்துவது பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறையா, யார் யார் பேசுகிறார்கள், ஒரு கட்டுரைக்கு எத்தனை நிமிடம், கேள்விக்கு நேரம் உண்டா என்று பாருங்கள். கேள்விக்கு நேரமே ஒதுக்காத மாநாடு என்றால் அந்த 4,000 ரூபாய்க்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்புகிற பயம் எனக்குப் புரிகிறது. தங்குமிடம் வளாகத்து மகளிர் விடுதிதானா என்று ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், துறைத் தலைவரின் கடிதம் கையில் இருக்கட்டும், வகுப்புத் தோழி யாராவது கூட வந்தால் இன்னும் நல்லது. கட்டணச் சலுகை உண்டா என்றும் கேட்கலாம், ஆய்வு மாணவர்களுக்குப் பல இடங்களில் குறைத்து வாங்குகிறார்கள், கூச்சப்பட வேண்டியதில்லை.

கட்டுரையை உங்கள் முன்னால் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் கடிகாரத்தைப் பாருங்கள். 12 நிமிடத்தில் முடிய வேண்டும். உங்களுக்கு எந்த இடத்தில் புரியவில்லையோ அந்த இடத்தில் நிறுத்தி, ஏன் அப்படி என்று கேளுங்கள், நீங்கள் தத்துவம் படித்திருக்க வேண்டும் என்று இல்லை. கட்டுரைச் சுருக்கத்தை எனக்கும் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள், அனுப்பும் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் வந்தால் திருத்திக் கொடுக்க எனக்கு நேரம் இருக்கும்.