கானாவுக்குப் புறப்படும் முன்: சில கேள்விகள், என் பதில்கள்

கானாவின் துறைமுக நகரமான தேமாவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பியவன் நான். முதன்முறை அங்கே போகிறவர்கள் கேட்டவற்றுக்கு, பட்டுத் தெரிந்துகொண்டதிலிருந்து பதில் சொல்கிறேன். மருந்து விஷயத்தில் மட்டும் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு.

அடுத்த மாதம் கானாவின் தலைநகர் அக்ரா போகிறேன். விசா, டிக்கெட் எல்லாம் தயார். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்கு முதல்நாள் போட்டுக்கொண்டால் போதுமா? (சென்னை)

போதாது. ஊசி போட்டதற்கு மஞ்சள் அட்டை ஒன்று தருவார்கள். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் அது செல்லும். அக்ரா விமானநிலையத்தில் கடவுச்சீட்டைக் கேட்பதற்கு முன்பே மஞ்சள் அட்டையைக் கேட்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எல்லா நாளும் போடுவதில்லை, விசாரித்துக்கொண்டு போங்கள். கடவுச்சீட்டையும் எடுத்துப் போக வேண்டும். அதன் எண்ணை அட்டையில் எழுதுவார்கள், அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத பாதி இனிமேல்தான் இருக்கிறது. திரும்பி வரும்போது இந்திய அதிகாரிகளும் அதே அட்டையைக் கேட்பார்கள். இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். ஆகவே அக்ராவில் இறங்கியதும் அட்டையைப் பெட்டியின் அடியில் போட்டு மறந்துவிடாதீர்கள். ஒருமுறை போட்ட ஊசி ஆயுளுக்கும் செல்லும் என்று 2016 முதல் விதி இருப்பதால் பழைய அட்டை வைத்திருப்பவர்கள் மறுபடி போட வேண்டியதில்லை. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அறுபது வயது தாண்டியவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

நம் ஊரிலும்தான் கொசு கடிக்கிறது. மலேரியா மாத்திரை அவசியமா? (கோவை)

அவசியம். அங்கே பெரும்பாலும் வருவது ஃபால்சிபாரம் வகை. கவனிக்காமல் விட்டால் சில நாளில் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். குளோரோகுயினுக்கு அது அடங்காது. அட்டோவகோன்-புரோகுவானில், டாக்ஸிசைக்ளின், மெஃப்ளோகுயின் மூன்றில் ஒன்றை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். முதலாவதைத் திரும்பிய பிறகு 7 நாளும், மற்ற இரண்டையும் 4 வாரமும் தொடர வேண்டும்.

இந்தக் கடைசி வரியில்தான் நான் கோட்டை விட்டேன். முதல் விடுமுறைக்கு ஊர் வந்ததும், ‘இனி என்ன மாத்திரை’ என்று டாக்ஸிசைக்ளினை நிறுத்திவிட்டேன். பன்னிரண்டாம் நாள் இரண்டு போர்வைக்குள்ளும் பல் கிட்டியது. பார்த்த மருத்துவர் வைரஸ் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததை நான் வாய் திறந்து சொல்லவில்லை. மூன்றாம் நாள் என் மனைவி பேச்சுவாக்கில் சொன்ன பிறகுதான் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். திரும்பி வந்த சில மாதங்களுக்குள் காய்ச்சல் அடித்தால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக ‘கானாவிலிருந்து வந்தேன்’ என்று சொல்லுங்கள்.

கொசுவலை, முழுக்கைச் சட்டை, பூச்சு மருந்து எல்லாம் மாத்திரையோடு சேர்த்துத்தான், மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

நாங்கள் சைவம். சமாளிக்க முடியுமா? (மயிலாடுதுறை)

முடியும் அம்மா, ஆனால் கேட்கும் விதத்தில் இருக்கிறது. ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் மீன் வரும். இறைச்சி, மீன், கருவாடு, இறால் என்று பெயர் சொல்லி மறுக்க வேண்டும். எதற்கும் தொட்டுக்கொள்ளத் தரும் ‘ஷிட்டோ’ என்ற கறுப்பு மிளகாய் விழுதில் காய்ந்த மீனும் இறாலும் அரைத்துச் சேர்த்திருப்பார்கள். பார்த்தால் நம் வத்தக்குழம்பு போல அப்பாவியாக இருக்கும்.

உங்களுக்கு உற்ற துணை ‘ரெட் ரெட்’. காராமணியைச் செம்பனை எண்ணெயில் வதக்கிப் பழுத்த வாழைப் பொரியலோடு தருவார்கள். அதிலும் சிலர் மீன் போடுவார்கள், கேட்டுவிடுங்கள். காலையில் தெருவோரத்தில் ‘வாச்சே’ கிடைக்கும்: அரிசியும் காராமணியும், சோள இலை போட்டு வேகவைத்ததால் செம்பழுப்பாக இருக்கும். மாலையில் இஞ்சி, மிளகாய் புரட்டிப் பொரித்த வாழைப்பழத் துண்டுகளுக்குக் ‘கெலெவெலே’ என்று பெயர். அதை மட்டும் தின்றே நான் பல இரவுகளைக் கழித்திருக்கிறேன்.

மரவள்ளியும் வாழைக்காயும் உரலில் இடித்த ‘ஃபூஃபூ’வை மென்று பார்த்துவிட்டுப் பசை என்று திட்டுவார்கள் நம்மவர்கள். அது கேழ்வரகுக் களி மாதிரி: கிள்ளி, குழம்பில் தோய்த்து, விழுங்க வேண்டும். ஆனால் அந்தக் குழம்பு அநேகமாக அசைவம்தான்.

பிளக் மாற்றி வாங்க வேண்டுமா?

மின்சாரம் 230 வோல்ட், நம் ஊர் போலவே. பழைய வட்ட முள் பிளக்கும் இங்கிலாந்துச் சதுர முள் பிளக்கும் இரண்டும் புழங்குகின்றன. சதுர முள்ளுக்கு ஒரு மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

முதுகுவலிக்கு டிராமடால் எடுக்கிறேன். மூன்று மாதத்துக்குக் கொண்டு போகலாமா? (சேலம்)

ஐயா, இதில் விளையாட வேண்டாம். மேற்கு ஆப்பிரிக்காவில் டிராமடால் போதைக்குப் பயன்பட்டதால் 2018இல் கானா அதன் மீதான பிடியை இறுக்கியது. டாபென்டடால் என்ற வலி மருந்தும் கரிசோப்ரோடோல் என்ற தசை தளர்த்தும் மருந்தும் கலந்த மாத்திரைகள் இங்கிருந்து அங்கே போய்ச் சீரழித்தது அம்பலமாகி, 2025 பிப்ரவரியில் இந்திய அரசே அவற்றின் தயாரிப்பையும் ஏற்றுமதியையும் தடை செய்தது. இந்தியக் கடவுச்சீட்டும் பை நிறைய வலி மாத்திரையும் சேர்ந்தால் என்ன கேள்வி வரும் என்று யோசியுங்கள். வேறு மருந்து உண்டா என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஊருக்குள் போய்வர என்ன வழி? (மதுரை)

‘ட்ரோட்ரோ’ என்ற சிற்றுந்துதான் ஏழை பாழைக்கு வாகனம். நேர அட்டவணை கிடையாது, நிரம்பினால் கிளம்பும். நடத்துநருக்கு ‘மேட்’ என்று பெயர். ஜன்னலில் பாதி உடலை வெளியே தொங்கவிட்டு ‘சர்க் சர்க் சர்க்’ என்று கத்தியபடி ஆள்காட்டி விரலைக் கீழ்நோக்கிச் சுழற்றினால், வண்டி அக்ராவின் பெரிய சந்திப்பான குவாமே இன்க்ரூமா சர்க்கிளுக்குப் போகிறது என்று பொருள். எங்கள் சத்திரம் பேருந்து நிலையத்தில் வளர்ந்தவனுக்கு அது சொந்த ஊர்ச் சத்தம்.

டாக்ஸியில் ஏறுமுன் ‘டிராப்பிங்’ என்று கேட்டால் ‘ஆம்’ என்று தலையாட்டிவிடாதீர்கள். முழு வண்டியையும் நீங்களே எடுப்பதாக அர்த்தம், கட்டணமும் அப்படியே. விலையைப் பேசிவிட்டு ஏறுங்கள். இரவில் நெடுந்தூரச் சாலைப் பயணம் வேண்டாம். கொள்ளையைவிட விளக்கில்லாமல் நிற்கும் லாரிக்கே நான் அதிகம் பயந்தேன்.

பத்து நாளில் என்னென்ன பார்க்கலாம்? எந்த மாதம் நல்லது?

அக்ரா, கேப் கோஸ்ட், குமாசி மூன்றோடு நிறுத்துங்கள். கேப் கோஸ்ட் பக்கத்தில் எல்மினாவில் 1482இல் போர்த்துகீசியர் கட்டிய கோட்டை இருக்கிறது; பிற்காலத்தில் அடிமைகளைக் கப்பலேற்றிய இடம். அதற்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள், பார்த்த கையோடு சாப்பிடப் போக மனம் வராது. ‘காக்கும்’ (Kakum) என்ற தேசியப் பூங்காக் காட்டில் மர உச்சிகளுக்கிடையே ஏழு கயிற்றுப் பாலங்கள் தொங்குகின்றன. யானை பார்க்க வடக்கே மோலே தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டுமானால் இன்னும் நான்கு நாள் வேண்டும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு, ஆனால் சகாராவிலிருந்து ‘ஹார்மட்டான்’ என்ற புழுதிக் காற்று வரும். உதடு வெடிக்கும், துவைத்துக் காயப்போட்ட வெள்ளைச் சட்டை மாலையில் காவியாகிவிடும். ஆஸ்துமா இருந்தால் அந்த மாதங்களைத் தவிருங்கள். வோல்டா ஏரியில் படகு சவாரி சரி, குளிக்காதீர்கள். நத்தைக் காய்ச்சல் என்னும் ஒட்டுண்ணி நோய் அந்தத் தண்ணீரில் உண்டு.

வேலை விஷயமாகத் தனியாகப் போகிறேன். நடந்துகொள்ளும் முறையில் எதைக் கவனிக்க வேண்டும்? (திருநெல்வேலி)

சகோதரி, முதலில் வணக்கம், பிறகுதான் கேள்வி. கடைக்காரரிடம் ‘காலை வணக்கம்’ சொல்லாமல் விலை கேட்டால் முகம் சுண்டிவிடும். இடது கையால் காசு நீட்டக் கூடாது. இது உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ராணுவப் புள்ளிச் சீருடை போன்ற துணியை உடுத்தக் கூடாது, சாதாரண மக்களுக்கு அது சட்டப்படி தடை. பிறந்த கிழமையைக் கேட்டு உங்களுக்கு ஒரு பெயரும் வைத்துவிடுவார்கள்: வெள்ளி என்றால் அஃபுவா, சனி என்றால் அமா.

ஒன்று மட்டும் உங்களைக் குழப்பும். பேசிக்கொண்டிருப்பவர் எழுந்து ‘ஐ ஆம் கம்மிங்’ என்று சொல்லிவிட்டு வெளியே போவார். என்னோடு வேலை செய்த ஐரோப்பியர்கள் இதைக் கேட்டுத் திகைத்து நிற்பார்கள். எனக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. நம் வீட்டில் கிளம்பும்போது ‘வருகிறேன்’ என்றுதானே சொல்கிறோம்.