நாற்பதாம் பக்கத்தில் திரும்பி வந்த புத்தகம்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் எட்டுப் பெண்கள் சேர்ந்து மாதம் ஒரு நாவல் வாசிக்கிறோம். போன மாதம் என் முறை. ‘ஏழாம் உலகம்’ என்றேன். ஒரு தங்கை நாற்பது பக்கத்தோடு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை அக்கா, இதையா படிக்கச் சொன்னீர்கள்?” என்றார். அதற்குப் பிறகு கூட்டத்துக்கும் வருவதில்லை. மனதைக் குலைக்கும் நாவல்களை அடுத்தவருக்குச் சொல்லலாமா? சொல்வதென்றால் எவற்றைச் சொல்வது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகச் சொல்லலாம். உங்கள் தேர்வில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் புத்தகத்தை நீட்டும்போது என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லையே! “அருமையான நாவல், படித்துப் பாருங்கள்” என்பதோடு நிறுத்தியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நானும் வெகுகாலம் அப்படித்தான் செய்துவந்தேன்.

ஒருமுறை நண்பர் ஒருவருக்கு இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலைக் கொடுத்தேன். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது என்ற உற்சாகம் எனக்கு. தீயில் வெந்த மகள் உள்ளே கிடக்க, தீக்காயப் பிரிவின் வாசலில் பெற்றோர் காத்துக்கிடக்கும் கதை. நண்பரின் அக்கா அப்படியொரு பிரிவில்தான் இறந்தார். அது எனக்குத் தெரியும். கொடுத்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. நான்கு நாள் கழித்து செய்தித்தாளில் சுற்றி வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இன்றுவரை அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அன்றிலிருந்து, நாவல் எதைப் பற்றியது என்று ஒரு வரியாவது சொல்லாமல் எதையும் கொடுப்பதில்லை. கதையைச் சொன்னால் சுவை போய்விடும் என்பார்கள். துப்பறியும் கதைக்கு அது பொருந்தும். இமையத்தின் நாவலில் தீ ஒரு ரகசியமே அல்ல. வாசகரை வதைப்பது அதற்குப் பிறகு வரும் காத்திருப்பு. முன்கூட்டிச் சொல்வதால் அதன் வலு சிறிதும் குறையாது.

‘ஏழாம் உலகம்’ விஷயத்துக்கு வருகிறேன். ஜெயமோகன் 2003இல் எழுதிய இந்த நாவலில், உடல் குறைபட்டவர்களை வைத்துப் பிச்சையெடுக்கவிடும் தொழிலில் ஆட்களுக்குப் பெயர் ‘உருப்படி’. விற்கிறார்கள், வாங்குகிறார்கள். கொடூரம்தான். ஆனால் என்னைத் தூங்கவிடாதது அதுவல்ல, அந்த முதலாளி போத்திவேலு பண்டாரம். முருக பக்தர். மகள்களுக்காக உருகும் தகப்பன். அவர்களின் கல்யாணக் கவலையில் அவர் தவிக்கும்போது ‘பாவம் மனுஷன்’ என்று நமக்கே தோன்றிவிடுகிறது. அந்த உருப்படிகளில் ஒருத்தியான முத்தம்மை பெற்ற பிள்ளையை விலைபேசுகிறவரும் அவரேதான். அவருக்காக இரங்கிய நம் மனதை என்ன செய்வது? இன்னொன்று, அந்த உருப்படிகள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளும் கேலி. அவ்வளவு இருட்டிலும் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். உங்கள் தங்கையிடம் இந்த இரண்டையும் சொல்லியிருந்தால் அவர் இன்னும் நாற்பது பக்கம் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம், அது அவர் உரிமை.

அடுத்த தேர்வுக்கு என் யோசனை ஹான் காங்கின் ‘மரக்கறி’. 2024இல் நோபல் பரிசு பெற்ற கொரிய எழுத்தாளர். தமிழில் சமயவேல் மொழிபெயர்த்திருக்கிறார். காய்கறிக்குக் குமரியிலும் ஈழத்திலும் அன்றாடம் புழங்கும் சொல்லைத் தலைப்பாக்கியது எனக்கு மிகவும் பிடித்தது. கறியை விட்ட ஒரு மனைவி கடைசியில் மரமாகவே ஆகத் துடிக்கிறாள்; தலைப்பிலேயே இரண்டும் இருக்கின்றன. ஒரு கனவு கண்டபின் இறைச்சியைத் தொட மறுக்கிறாள் அந்த மனைவி. அவ்வளவுதான் செய்கிறாள். குடும்பமே கூடியிருக்கும் வேளையில் பெற்ற தகப்பன் அவளை அறைந்து வாயில் இறைச்சியைத் திணிக்கிறான். மூன்று பகுதிகள், கணவன், அக்காள் கணவன், அக்காள் என்று மூன்று பேர் அவளைப் பார்க்கிறார்கள். அவள் குரலோ, முதல் பகுதியில் கனவுத் துணுக்குகளாக வருவதைத் தவிர, பெரும்பாலும் நமக்குக் கிடைப்பதில்லை. உங்கள் கூட்டத்தில் பேச்சு ‘சைவம் நல்லதா, அசைவம் நல்லதா’ என்று திசைமாறும் ஆபத்து உண்டு. அப்போது, “நம் வீடுகளில் யார் தட்டில் என்ன விழ வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?” என்று கேட்டுவிடுங்கள். எட்டுப் பேரும் பேசுவார்கள். தற்கொலை முயற்சி, பாலியல் வன்முறை, மனநல விடுதி ஆகியவை வருகின்றன என்பதை மட்டும் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

ஆங்கிலத்தில் வாசிப்பவர்கள் இருந்தால் அர்ஜென்டினாவின் சமந்தா ஷ்வெப்ளின் எழுதிய ‘ஃபீவர் ட்ரீம்’. ஒரே மாலையில் முடிந்துவிடும். ஸ்பானிய மூலத்தில், 2014இல், இதன் தலைப்பு ‘மீட்புத் தூரம்’ என்ற பொருள் தருவது. குழந்தைக்கு ஏதாவது ஆனால் எத்தனை நொடியில் அதை எட்டிப் பிடிக்கலாம் என்று ஒரு தாய் ஓயாமல் கணக்குப் போடுகிறாள். சோயா வயல்களின் நடுவே அந்தக் கணக்கு பிசகுகிறது. கைக்குழந்தை உள்ளவர்களுக்கு இப்போது வேண்டாம். நான் கல்நெஞ்சன் என்று பெயரெடுத்தவன். வாசித்த இரவு எழுந்துபோய் பேத்தி தூங்குகிறாளா என்று பார்த்தேன்.

வராமல் நின்றுவிட்ட தங்கைக்கு இந்த இரண்டையும் அனுப்ப வேண்டாம். ‘மனத்திடம் வேண்டும்’ என்ற உபதேசமும் வேண்டாம். வாசிப்பு என்ன குஸ்தியா? அடுத்த மாதத் தேர்வை அவரிடமே விடுங்கள். அவர் சமையல் குறிப்பையே கொண்டுவந்தாலும் வாசியுங்கள். போகும்போது, நாற்பதாம் பக்கத்தில் எந்த வரியில் நிறுத்தினார் என்று கேட்டுப் பாருங்கள்.